ஹாம் வெட்டும் மெசினின் பாகம்

பொய் சொல்வதில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. சின்னதாகச் சொல்ல வேண்டும், உண்மைக்குப் பக்கத்தில் சொல்ல வேண்டும், கேட்டவர் மறுபடி கேட்காதபடி சொல்ல வேண்டும். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் இந்தக் கொள்கை என்னைக் கைவிட்டதே இல்லை. ஒரே ஒரு நவராத்திரிக்குத்தான் கைவிட்டது.

சுவிஸில், டீட்டிகோன் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். சமைப்பது என் வேலையில்லை. பாத்திரம், அடுப்பு, மேசை, கழுவும் தொட்டி என்று அங்கே எவர்சில்வரில், எங்கள் பேச்சில் சில்வரில், செய்த எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். அன்று தொட்டு இன்று வரை என் கையில் இருப்பது சில்வர்தான். மரத்துக்கு இருப்பதுபோல் சில்வருக்கும் ஒரு ஓட்டம், ஒரே பக்கமாகப் போகும் மெல்லிய வரி, உண்டு. அந்த ஓட்டத்தோடு, ஒரே திசையில் நேராகத் தேய்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் சுரண்டும் பஞ்சை எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தியின் கையிலிருந்து பஞ்சைப் பிடுங்கி ஜன்னலால் எறிந்திருக்கிறேன். கீழே ஆள் நின்றிருந்தது என் பிழை இல்லை.

இப்படியிருந்த நான் பிஸ்டல் சுடப் போனதற்குக் காரணம் எங்கள் சமையலறைத் தலைவி. என் வயதுக்காரி, சுவிஸ்காரி, முழங்கை அளவு கரண்டியோடு நடப்பவள். அவளுடைய ஊரில் சுடுபவர் சங்கம் ஒன்று இருந்தது. யாரும் வந்து சுட்டுப் பார்க்கலாம் என்று ஒரு நாள் வைத்தார்கள். கேக் நன்றாக இருக்கும் என்று கூட்டிப்போனாள். கேக் சுமார். ஆனால் இரவல் பிஸ்டலால் நான் சுட்ட பத்தில் ஏழு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். இந்த நாட்டில் என்னை யாரும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்குப் பிடித்துப்போனது.

இலங்கைக் கடவுச்சீட்டு இருந்த காலத்தில் இங்கே எங்களுக்குத் துவக்கு வாங்க அனுமதியே இல்லை. சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு வந்த பிறகு அனுமதி கேட்டு எழுதினேன். பொலிஸில் இருந்த பெண் என் நீண்ட பெயரை மூன்று தரம் எழுத்துக் கூட்டிவிட்டு முத்திரை குத்தினாள். பழைய பிஸ்டல் ஒன்று வாங்கினேன். சங்கத்து இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தேன். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவர முடியாது.

ஏனென்றால் என் கணவர் கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சீதனம் கேட்கவில்லை, சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. வீட்டுக்குள் துவக்கு என்று ஒரு சாமான் வரக்கூடாது என்றார். சின்ன வயதில் ஊரில் அவருடைய முகத்துக்குக் கிட்ட யாரோ பிஸ்டல் பிடித்திருக்கிறார்கள். யார், எந்தப் பக்கத்தார், ஏன் என்று அவர் சொன்னதில்லை, நானும் கிண்டியதில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது பிறந்தநாளுக்கு ஒருவர் பச்சை நிறத்தில் தண்ணீர் பீச்சும் துவக்கு கொடுத்தார். இவர் அதைப் பால்கனியில் வைத்து நாலு துண்டாக உடைத்துவிட்டு, மகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இல்லை.

ஆகவே சனிக்கிழமைகளில் நான் துர்னனுக்குப் போனேன். துர்னன் என்றால் பெண்கள் கூடிச் செய்யும் உடற்பயிற்சி வகுப்பு. பையில் உடற்பயிற்சிச் சப்பாத்தும் ஒரு துவாயும் வைத்துக்கொண்டு போவேன். "கை நல்லா இறுகியிருக்கு" என்று ஒருநாள் அவர் மெச்சினார். குற்ற உணர்வு வந்தது. ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டது.

அப்படியே இருந்திருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. ஆனால் அந்தப் பிஸ்டல் என்னை நிம்மதியாக விடவில்லை.

பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஒரு நீளத் துண்டு உண்டு. சங்கத்தில் அதை ஷ்லிட்டன் என்பார்கள். என்னுடையதில் அது பாத்திரம் செய்யும் அதே சில்வர். அதை எனக்கு முன் வைத்திருந்த மகான், சமையலறைப் பஞ்சை எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்த்திருந்தான். நான் சுடக் கையை நீட்டும்போதெல்லாம் குறி தெரிவதற்கு முன் அந்த வட்டங்கள்தான் தெரிந்தன. ஒரு வருடம் பொறுத்தேன். வருடக் கடைசிப் போட்டி நெருங்கியது. ஒக்டோபரில், குளிர் இறுகுவதற்கு முன், சங்கத்தார் எல்லோரும் கூடிச் சுடுவார்கள். முதல் பரிசு முழுப் பன்றிக்கால், புகை போட்டது. பட்டியலில் நான் மூன்றாவதாக இருந்தேன். இந்த வட்டங்களோடு போட்டிக்குப் போவதைவிட அழுக்குச் சட்டையோடு கோயிலுக்குப் போகலாம் என்று தோன்றியது.

சங்கத்தில் வைத்துத் தேய்க்க ஏலாது. ஆளுக்கொரு புத்தி சொல்வார்கள். ஒருவர் மணல் வீசித் தேய்க்கும் பட்டறைக்குக் கொடு என்பார், ஒருவர் கறுப்புப் பூச்சு என்பார். சில்வரைப் பற்றி எனக்குப் புத்தி சொல்ல இந்தப் பள்ளத்தாக்கில் யார் இருக்கிறார்கள்? தலைவியின் உதவியோடு ஷ்லிட்டனைத் தனியாகக் கழற்றினேன். உள்ளே இருந்த ஊசியையும் சுருளையும் ஒரு டப்பாவில் போட்டு அங்கேயே பூட்டினோம். வெறும் ஷ்லிட்டனைத் துவாயில் சுற்றி, உடற்பயிற்சிச் சப்பாத்துக்கு அடியில் வைத்து, பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இது துவக்கு இல்லை, ஒரு துண்டு என்று பஸ் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டு வாசலில் மட்டும் கால் கொஞ்சம் தயங்கியது.

அவர் ஒரு சாமான் களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். அந்தக் கிழமை முழுக்கப் பிற்பகல் வேலை. எனக்குக் காலை வேலை. இரண்டு மணிக்கு வந்தால் வீடு என்னுடையது. பால்கனி மேசையில் பழைய துவாயை விரித்தேன். எழுத்தும் இலக்கமும் உள்ள இடத்தையும் குறி பார்க்கும் மேடுகளையும் டேப்பால் மூடினேன். தேய்க்கும் தாளைத் தண்ணீரில் நனைத்து, சின்னத் தட்டைப் பலகைத் துண்டில் சுற்றினேன். விரலால் தேய்த்தால் பள்ளம் விழும், விளிம்பு மழுங்கிவிடும். முதலில் சற்றுக் கரடான தாள், பிறகு மென்மையானது, கடைசியாகச் சாம்பல் நிறப் பஞ்சு. முன்னிருந்து பின்னுக்கு, பின்னிருந்து முன்னுக்கு, நேராக. இரும்புக் கம்பளியைக் கிட்டவும் விடவில்லை, அது பட்டால் சில்வரும் துருப்பிடிக்கும். உள்பக்கத்துத் தடங்களைத் தொடவில்லை, அங்கே கை வைத்தால் பிறகு அது ஒழுங்காக ஓடாது.

மூன்று பிற்பகல் ஆயிற்று. வட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பின்பக்கத்தில், விரலால் பிடித்து இழுக்கும் இடத்தில், வரிசையாகக் கோடு கோடாக வெட்டியிருக்கும். அதற்குள் அழுக்கு அடைந்து கிடந்தது. நல்ல பிரஷ் ஒன்றும் கிடைக்கவில்லை. குளியலறையில் என் கணவருடைய பல் தேய்க்கும் பிரஷ் கிடைத்தது. பிறகு கொதிதண்ணீரில் நன்றாகக் கழுவித் திருப்பி வைத்தேன். இதை அவருக்குச் சொல்லும் உத்தேசம் எனக்கு இருக்கவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்தது. மெல்ல எண்ணெய் தடவி, சமையலறையில் பாத்திரம் துடைக்கும் துணிகள் அடுக்கிய லாச்சியை இழுத்து உள்ளே வைத்தேன். மறுநாள் காலை நான் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் அவர் துணி எடுக்கப் போய் ஷ்லிட்டனோடு வந்தார்.

"இஞ்சாரும், உது என்ன சாமான்?"

சின்னதாக, உண்மைக்குப் பக்கத்தில். "வேலையிடத்துச் சாமான். ஹாம் வெட்டுற மெசின்ர பாகம். மேலெல்லாம் கீறிப்போச்செண்டு தேய்ச்சுத் தரச் சொன்னவை."

"ஓ." அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வடிவாத் தேய்ச்சிருக்கிறீர். இதால மெல்லிசா வெட்டேலுமோ, மொத்தமாத்தான் வெட்டுமோ?"

"ரெண்டு மாதிரியும் வெட்டும்."

"மேல ஏன் ஒரு ஓட்டை?"

"தூள் வெளியால கொட்டுறதுக்கு."

"சத்தம் போடுமோ?"

"காதுக்குப் பஞ்சு வைச்சால் ஒண்டும் தெரியாது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார். மெதுவாக அதைத் துணிக்கு மேலே வைத்து லாச்சியைச் சாத்தினார். இவ்வளவு இலகுவாக நம்பும் மனுசனுக்கு வாழ்க்கைப்பட்டது என் பாக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சனி. பிற்பகல் போட்டி, காலையில் ஆயுத பூசை. எங்கள் வீட்டில் பூசை என் கணவரின் இலாகா. சாதாரண நாளில் விளக்குக் கொளுத்தி இரண்டு நிமிடத்தில் முடிப்பவர், ஆயுத பூசைக்கு மட்டும் முழுக் குருக்களாகிவிடுவார். தொழில் செய்யும் சாமான் ஒன்றையும் விடமாட்டார். பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலை வரை எடுக்கவும் விடமாட்டார். முதல் வருடம் கோப்பி மெசினைத் தூக்கி வைத்தார், கோப்பி இல்லாமல் வேலைக்குப் போய் நான் எல்லோரோடும் சண்டை பிடித்தேன். அடுத்த வருடம் இன்டர்நெட் பெட்டியைக் கழற்றி வைத்துச் சந்தனம் பூசினார், பண்டிகைக்கு வந்த மகள் பாசலில் தான் தங்கியிருக்கும் அறைக்கே திரும்பிப் போய்விட்டாள்.

அன்று குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன். சாமிப் படத்துக்கு முன்னால் அவருடைய வண்டி ஓட்டும் அட்டை, என் அகப்பை, கத்தி, திருகாணி முறுக்கி, வாசலில் தூசி உறிஞ்சும் மெசின். எல்லாவற்றுக்கும் நடுவில், பட்டுத் துணி விரித்து, என் ஷ்லிட்டன். பக்கம் முழுக்க மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, மேலே ஒரு செவ்வந்திப் பூ.

"உது வேலையிடத்துச் சாமானெல்லே?" என்றேன்.

"ஓம். உம்மட தொழில் ஆயுதம்தானே. அதான் நடுவில வைச்சனான்."

"இண்டைக்குத் திருப்பிக் குடுக்க வேணும்."

"சனிக்கிழமை ஆர் ஹாம் வெட்டீனம்? நாளைக்கு எடுக்கலாம். சாமிக்கு வைச்சதை எடுக்கக் கூடாது."

முதியோர் இல்லத்தில் சனிக்கிழமையும் ஹாம் வெட்டுவார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் கற்பூரம் கொளுத்தத் தொடங்கிவிட்டார். கும்பிட்டபடி நின்றேன். கண் ஷ்லிட்டனில், மனம் மணிக்கூட்டில். ஒரு மணிக்குத் தலைவி காரோடு வருவாள். அதற்குள் எடுக்க வேண்டும். எடுத்தால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால், முப்பது வருடத்துக்கு முன் கேட்ட ஒரே ஒரு விசயத்தையும் நான் காப்பாற்றவில்லை என்றாகிவிடும். பன்றிக்காலாவது மண்ணாங்கட்டியாவது, அவருடைய முகத்தை அப்போது பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் உண்மை. பதினொன்றரைக்கு ஒருதரம், பன்னிரண்டுக்கு ஒருதரம் கிட்டப் போனேன். இரண்டு தரமும் அவர் கடலைச் சட்டியோடு வந்து எனக்குப் பின்னால் நின்றார்.

ஒரு மணிக்கு மணி அடித்தது. நான் ஓடுவதற்குள் அவரே கதவைத் திறந்து, "வாருங்கள், இன்று எங்களுக்குப் பண்டிகை, கடலை சாப்பிடாமல் போகக் கூடாது" என்று ஜெர்மனில் தலைவியை உள்ளே கூப்பிட்டார். அவள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். அகப்பை, கத்தி, தூசி மெசின் என்று ஒவ்வொன்றாக ரசித்துக்கொண்டே வந்த கண் நடுவில் நின்றது. நான் தலையை ஆட்டினேன். புருவத்தை ஆட்டினேன். இருபது வருடம் சமையலறையில் கண்ணாலேயே கதைத்த பெண், அன்றைக்குப் பார்த்து என்னைப் பார்க்கவில்லை.

"உன் ஷ்லிட்டன் ஏன் இங்கே இருக்கிறது?" என்றாள்.

என் கணவர்தான் சொன்னார், நல்ல நிதானமான ஜெர்மனில்.

"அதற்கு இன்றைக்கு லீவு."

தலைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கடலைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, தான் கீழே காரில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். புத்தி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது அவளுக்கு.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். "எப்ப தெரியும்?"

"எது? இதுவோ, துர்னனோ?"

"ரெண்டும்."

"துர்னன் போன வருசமே தெரியும். எந்த வகுப்பில தலைமயிருக்குள்ள வெடிமருந்து மணக்கும்?" அவர் தட்டில் சரிந்த பூவை நிமிர்த்தினார். "இது நேற்றுத்தான். லாச்சியைத் திறந்த உடன தெரியும்."

"பிறகேன் மெல்லிசோ மொத்தமோ எண்டு கேட்டனீங்கள்?"

"எவ்வளவு தூரம் போறீர் எண்டு பாக்கத்தான். தூள் கொட்டுற ஓட்டை எண்டீர். நல்லாத்தான் இருந்தது."

வெட்கத்தில் கோபம் வந்தது எனக்கு. எனக்கு எல்லாம் கோபமாகத்தான் வரும். "ஒரு வருசம் தெரிஞ்சுகொண்டு ஏன் ஒண்டும் கேக்கேல்லை? கேட்டிருந்தால் விட்டிருப்பன்."

"விட்டிருப்பீர், தெரியும்." அவர் குங்குமச் சிமிழை மூடினார். "சனிக்கிழமையில சிரிச்சுக்கொண்டு வந்தனீர். மற்ற ஆறு நாளும் அப்பிடி வாறேல்லை."

அவர் படத்துக்கு முன்னால் சப்பணம் கட்டி இருந்தார், முதுகு எனக்கு. அப்படி இருந்துகொண்டே, நான் கேட்காமலே, சொல்லத் தொடங்கினார்.

"ஒரு பின்னேரம் முழுக்க என்னை முழங்காலில நிக்க வைச்சிருந்தவை. பிஸ்டல் இந்தக் கன்னத்துக்குப் பக்கத்தில. முகத்தைத் திருப்பக் கூடாது, கண்ணை மட்டும் ஆட்டலாம். பாக்க வேற ஒண்டும் இல்லை. அதின்ர பின்பக்கத்துக் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தனான். பதினொண்டு. எத்தினை தரம் எண்ணினாலும் பதினொண்டுதான்."

கற்பூரம் எப்போதோ அணைந்திருந்தது.

"உம்மடயில ஒன்பது" என்றார். "ரெண்டு தரம் எண்ணிப் பாத்திட்டுத்தான் சந்தனம் வைச்சனான்."

மூன்று பிற்பகல் அந்தக் கோடுகளுக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்தவள் நான். ஒருதரமும் எண்ணவில்லை. அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். மன்னிப்புக் கேட்டேன், தமிழில் முதல்தரமாக என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஜெர்மனில்தான் புழங்கும். அவர் தோளால் மெல்ல என்னை இடித்தார்.

"அவ கீழ நிக்கிறா. போயிட்டு வாரும். அங்க இரவல் ஒண்டும் இல்லையோ?"

"போகேல்லை."

"மூண்டாவதா நிக்கிறீராம். போம்." அதையும் எங்கிருந்தோ அறிந்து வைத்திருந்தார். "இது இண்டைக்கு இஞ்ச கிடக்கட்டும். நாளைக்கு எடுத்துக்கொண்டுபோய் அங்க பூட்டி வையும். துண்டாயும் வீட்டுக்க வேண்டாம்."

போனேன். சங்கத்து இரவல் பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, எல்லோரும் காதை மூடிக்கொண்டு ஆயத்தமாகும்போது, நான் அதைப் பக்கவாட்டில் திருப்பிக் கோடுகளை எண்ணினேன். பதினொன்றாக இருந்துவிடக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டே எண்ணினேன். பன்னிரண்டு. அதற்குப் பிறகும் குறி பார்க்கப் போன கண் அந்தக் கோடுகளுக்கே திரும்பியது. இருபத்தொரு பேரில் பதினெட்டாவதாக வந்தேன். பன்றிக்கால் தலைவிக்குப் போனது. வந்த எல்லோருக்கும் கொடுக்கும், சடைபோல் பின்னிச் சுட்ட பாணில் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இருவரும் பட்டர் பூசிச் சாப்பிட்டோம்.

விஜயதசமி காலை அவரே ஷ்லிட்டனை எடுத்தார். இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

"கோட்டுக்குள்ள எல்லாம் சந்தனம் இறுகிப்போச்சு. துப்பரவாக்க வேணுமெண்டால் என்ர பிரஷ் குளியலறையில கிடக்கு" என்றார். "முந்தி எடுத்த அதே பிரஷ்தான். நான் அண்டைக்கே வேற வாங்கீட்டன்."

எட்டுக் கோட்டைத் துப்பரவாக்கினேன். ஒன்பதாவதில் சந்தனத்தை அப்படியே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வந்த பயிற்சி நாளில் சங்கத்துப் பெரியவர் ஷ்லிட்டனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு நேராகத் தேய்த்ததை அவர் கண்டதில்லையாம். பிறகு நகத்தால் அந்த மஞ்சள் கோட்டைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார்.

"துருப்பிடிக்காமல் இருக்க எங்கள் ஊரில் பூசுவது" என்றேன்.